ஒரு கை எழுதட்டும், பல வீட்டில் இருக்கட்டும்

கோயம்புத்தூர்,
மே 2025

அன்புள்ள கலைக்கு,

சித்தி எழுதுவது. முதலில் நல்ல செய்தி: நீ அனுப்பிய ஃபைல் திறந்துவிட்டது. எண்ணெய் படிந்து நஷ்டப்பட்டவர்களுக்காக நீங்கள் எழுதும் பதிவேட்டில் பெரும்பாலான குடும்பங்களின் பதிவு பத்திரமாக இருக்கிறது. நீ சோறு தண்ணி இல்லாமல் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து அழுததாக அக்கா போனில் சொன்னாள். இனிமேல் அழாதே. வேளைக்குச் சாப்பிடு. உங்கள் ஊர்ச் சாம்பல் காற்றில் உனக்கு இருமல் வந்தால் போக ஒரு மாதம் ஆகும் என்பது எனக்குத் தெரியும். அந்த உடம்பை வைத்துக்கொண்டு ராத்திரி ஒரு மணி வரை கண் விழிக்காதே.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் பாதி கேட்பாய், மீதியை மறப்பாய். கடிதம் என்றால் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகச் செய்யலாம். கட்டளைகளை ஆங்கில எழுத்தில் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். இங்கே காரணத்தை மட்டும் சொல்கிறேன். காரணம் தெரிந்தால் அடுத்த தடவை நீயே சரிசெய்துகொள்வாய்.

என்ன நடந்தது என்றால், கரண்ட் போனபோது உன் லேப்டாப்பும் அணைந்தது. பேட்டரி செத்த லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஊர்க் கணக்கை எழுதாதே என்று போன தீபாவளிக்கே சொன்னேன். சரி, போகட்டும். கரண்ட் போனது மட்டும் என்றால் ஒன்றும் ஆகியிருக்காது. நீ பதிவேடு வைத்திருக்கும் எஸ்கியூலைட் டேட்டாபேஸ் ஒரு பக்கத்தை மாற்றும் முன் அதன் பழைய வடிவத்தைப் பக்கத்திலேயே இன்னொரு ஃபைலில் எழுதி வைத்துக்கொள்ளும். உன் ஃபைல் பெயரோடு 'ஜர்னல்' என்று ஒட்டிக்கொண்டு நிற்குமே, அதுதான் அது. வேலை பாதியில் நின்றால், அடுத்த தடவை திறக்கும்போது அந்த ஜர்னலைப் படித்துத் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். யாரும் எதுவும் செய்ய வேண்டாம்.

உன்னோடு பதிவு எழுதுகிற சங்கத்துப் பையன் அந்த ஜர்னலைக் குப்பை என்று நினைத்து அழித்துவிட்டான். 'டேட்டாபேஸ் லாக்ட்' என்று வந்தால் அதை அழித்தால் சரியாகிவிடும் என்று யாரோ அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். திரும்பிப் போகும் வழி அதோடு அடைந்தது. பாதிப் பக்கம் பழையது, பாதிப் பக்கம் புதியது. அதனால்தான் 'மால்ஃபார்ம்ட்' என்று வந்தது. அவனைத் திட்டாதே கலை. சம்பளம் இல்லாமல் வந்து உட்கார்ந்து எழுதுகிற பையன். இந்தப் பத்தியை அவனுக்கும் படித்துக் காட்டு, போதும். ஜர்னல், வால், எஸ்ஹெச்எம் என்று எந்தப் பெயர் பின்னால் ஒட்டியிருந்தாலும் அதைக் கையால் தொடக் கூடாது. ஃபைலை நகர்த்தினால் அவையும் கூடவே நகர வேண்டும்.

நான் செய்தது இவ்வளவுதான். கெட்டுப்போன ஃபைலை முதலில் அப்படியே ஒரு நகல் எடுத்து ஓரமாக வைத்தேன். நகலில்தான் கை வைத்தேன். 'இன்டெக்ரிட்டி செக்' ஓட்டினேன். அது சில இடங்களில் இன்டெக்ஸ் மட்டும் கெட்டிருப்பதாகவும், சில இடங்களில் பக்கமே கெட்டிருப்பதாகவும் சொன்னது. இன்டெக்ஸ் மட்டும் என்றால் 'ரீஇன்டெக்ஸ்' போட்டாலே சரியாகியிருக்கும். பக்கமே கெட்டதால் 'ரெகவர்' கட்டளையைப் பிடித்தேன். 2019-லிருந்து எஸ்கியூலைட்டோடு வருகிற கட்டளை அது. கெட்ட ஃபைலில் படிக்க முடிந்ததையெல்லாம் படித்துப் புது ஃபைலில் ஊற்றிக் கொடுத்துவிடும். எந்த டேபிளைச் சேர்ந்தது என்று தெரியாத வரிகளை 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' என்று தனி டேபிளில் போடும். அதில் பத்தித் தலைப்பு இருக்காது. சி0, சி1, சி2 என்று மொட்டையாக இருக்கும். அந்த வரிகளை நீதான் காகிதப் படிவத்தோடு வைத்துப் பார்த்து இடம் சேர்க்க வேண்டும். படிவங்களைத் தூக்கிப் போடாமல் அரிசி டிரம்முக்குப் பின்னால் அடுக்கி வைத்திருக்கிறாயாமே, அக்கா குறையாகச் சொன்னாள். நீ செய்ததுதான் சரி. இன்னும் பல வருடம் அவை அங்கேயே இருக்கட்டும்.

இன்னொன்று. நீ அழித்த இரட்டைப் பதிவுகளில் சிலவும் எழுந்து வந்திருக்கின்றன. பயப்படாதே. எஸ்கியூலைட்டில் ஒரு வரியை அழித்தால் அந்த இடம் காலி என்று குறித்து வைக்குமே தவிர, அங்கே வேறு எதுவும் எழுதப்படும் வரை பழைய எழுத்து ஃபைலுக்குள் கிடக்கும். ரெகவர் அதையும் தோண்டி எடுத்துவிட்டது. இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்பது கொஞ்சம் கீழே புரியும்.

இப்போது 'லாக்ட்' விஷயம். இது கோளாறே இல்லை. எஸ்கியூலைட்டில் எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் படிக்கலாம். எழுதுவது மட்டும் ஒரு சமயத்தில் ஒருவர்தான். காசிமேட்டில் அக்கா விடிகாலை ஏலத்துக்குப் போவாளே, கூடையைச் சுற்றி எத்தனை பேர் நின்று பார்த்தாலும் விலையைக் கூவி முடிக்கிறவர் ஒருவர்தானே, அது மாதிரி. நீயும் அந்தப் பையனும் ஃபைலை டிபி பிரவுசரில் திறந்து வைத்துக்கொள்கிறீர்கள். ஒருவர் ஒரு கட்டத்தைத் திருத்திவிட்டு 'ரைட் சேஞ்சஸ்' அழுத்தாமல் டீ குடிக்கப் போகிறீர்கள். அதுவரை பூட்டு அவர் கையில். மற்றவருக்கு 'லாக்ட்' என்று வருகிறது. திருத்தினால் உடனே அழுத்து, எழுந்தால் மூடு. பாதிப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி, சங்க ரூமில் வைஃபையில் ஃபோல்டரைப் பகிர்ந்து இரண்டு லேப்டாப்பிலும் ஒரே ஃபைலைத் திறப்பது. இதை இன்றோடு நிறுத்து. ஒரே கம்ப்யூட்டருக்குள் பூட்டு ஒழுங்காக வேலை செய்யும். நெட்வொர்க் ஃபோல்டரில் அந்தப் பூட்டை நம்ப முடியாது என்று எஸ்கியூலைட்டைச் செய்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டு பேருமே தன் கையில்தான் பூட்டு இருக்கிறது என்று நினைத்து ஒரே பக்கத்தில் எழுதிவிட முடியும். டிரைவ் மாதிரி தானாக மேலே ஏற்றும் ஃபோல்டரிலும் நடப்பு ஃபைலை வைக்காதே. அது நீ எழுதிக்கொண்டிருக்கும்போதே பாதியை ஏற்றும். தாய் ஃபைல் ஒரு நேரத்திலும் ஜர்னல் ஒரு நேரத்திலும் போய்ச் சேரும்.

பின்னே எப்படிப் பகிர்வது என்று கேட்பாய். நடப்பு ஃபைல் உன் லேப்டாப்பில் மட்டும் இருக்கட்டும். வாரக் கடைசியில் 'வேக்யூம் இன்டு' கட்டளையால் தேதி போட்டு ஒரு பிரதி எடு. அது எழுதி முடித்ததை மட்டும் எடுத்து, கூட எந்த வாலும் இல்லாமல் ஒரே சுத்தமான ஃபைலாகத் தரும். நீ அழித்த பழைய எழுத்துகளும் அதில் போகாது. அந்தப் பிரதியை யாருக்குக் கொடுக்கலாம் என்பதைக் கீழே சொல்கிறேன். முகத்துவாரக்குப்பத்திலும் காட்டுக்குப்பத்திலும் எழுதுகிறவர்கள் தங்கள் லேப்டாப்பில் தனி ஃபைலில் எழுதி உனக்கு அனுப்பட்டும். நீ 'அட்டாச்' போட்டு அதை உன் ஃபைலோடு சேர்த்துக்கொள். ஆனால் எல்லா ஊரிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டால் சேர்க்கும்போது முட்டும். நெட்டுக்குப்பத்துக்கு 'நெ', முகத்துவாரத்துக்கு 'மு', காட்டுக்குப்பத்துக்கு 'கா' என்று எண்ணுக்கு முன்னால் ஒரு எழுத்து போட்டுவிடு. எக்செல் வழியாக மட்டும் வாங்காதே. நீளமான பேங்க் கணக்கு எண்ணில் 15 இலக்கத்துக்கு மேல் இருப்பதை அது பூஜ்யமாக்கிவிடும்.

கலை, இனிமேல் சொல்வதை இரண்டு தடவை படி. ஃபைலைச் சரிசெய்யும்போது உள்ளே இருப்பதையும் படித்தேன். படித்துவிட்டு எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

முதல் விஷயம், நஷ்டத் தொகைப் பத்தி. பெரும்பாலும் எண் இருக்கிறது. சில வரிகளில் 'முழுசும் போச்சு' என்று எழுத்தில் இருக்கிறது. எழுதியவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அந்த வீட்டுக்காரர்கள் வாயால் சொன்னது அதுதான். ஆனால் எஸ்கியூலைட் எண் பத்தியில் எழுத்து போட்டாலும் வாங்கிக்கொள்ளும். கூட்டல் போடும்போது அந்த எழுத்தைப் பூஜ்யமாகக் கணக்கிடும். ஒரு எச்சரிக்கையும் வராது. ஊரிலேயே அதிகம் இழந்தவருக்குக் கணக்கில் பூஜ்யம். இதைத்தான் அதிகாரியிடம் கொடுக்க இருந்தீர்கள். புது டேபிளை 'ஸ்ட்ரிக்ட்' என்ற சொல்லோடு உருவாக்கித் தந்திருக்கிறேன். 2021-ல் வந்த வசதி. எண் பத்தியில் எழுத்து போட்டால் அது மறுத்துவிடும். 'முழுசும் போச்சு' என்ற சொல்லை வீசிவிடவில்லை, பக்கத்தில் குறிப்புப் பத்தி ஒன்று வைத்து அங்கே சேர்த்திருக்கிறேன். தொகையை நீ அந்த வீடுகளுக்கு மறுபடி போய்க் கேட்டு எழுது.

இரண்டாவது இன்னும் பெரியது. டேபிளைச் செய்து கொடுத்த காலேஜ் பிள்ளை படகின் பக்கத்தில் எழுதியிருக்கும் ஐஎன்டி டிஎன் பதிவு எண்ணையே ஒவ்வொரு வரிக்கும் சாவியாக வைத்திருக்கிறது. படகே இல்லாதவர்களுக்கு என்ன செய்தீர்கள்? முதல் ஆளுக்கு '0' என்று போட்டிருக்கிறீர்கள். இரண்டாவது ஆளுக்கு '0' போட்டதும் 'யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் ஃபெயில்ட்' என்று வந்திருக்கும். அப்புறம் எழுதுவதையே விட்டுவிட்டீர்கள். பறியைக் கட்டிக்கொண்டு கழிமுகத்துச் சேற்றில் கையால் இறால் தடவும் இருளர் குடும்பங்களில் ஒன்றே ஒன்றுதான் உன் பதிவேட்டில் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படிந்ததே, அந்தச் சேற்றில் நாள் முழுக்க இடுப்பளவு நின்றவர்கள் அவர்கள்தான். படகுக்காரர்களுக்காவது காட்ட ஒரு எண் இருந்தது.

அதனால் சாவியை மாற்றிவிட்டேன். இனி நெ, மு, கா எண்தான் சாவி. படகு எண் தனிப் பத்தி, இல்லாதவர்களுக்குக் காலியாக விடு. '0' போடாதே. காலி என்பதை எஸ்கியூலைட் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் அனுமதிக்கும், முட்டாது. மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ல் முடிகிறது. அதற்கப்புறம் அந்தக் குடும்பங்களிலும் விசைப்படகில் வேலைக்குப் போகிறவர்கள் கடலுக்குப் போய்விடுவார்கள், வீட்டில் பிடிக்க முடியாது. அதற்குள் இருளர் குடியிருப்புக்கு நீயே நேரில் போ. தனியாகப் போகாதே, உங்க நைனாவைக் கூட்டிக்கொண்டு போ. அவர் கழிமுகத்தில் இத்தனை வருடம் வலை போட்டவர், அவர்களுக்கு அவரைத் தெரியும். உன்னிடம் சொல்லத் தயங்குவதை அவரிடம் சொல்வார்கள்.

மூன்றாவதைத் திட்டாமல் சொல்ல முடியாது. முழு ஃபைலையும் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாயாமே! என்ன காரியம் செய்தாய்? அதில் எல்லோருடைய ஆதார் எண், போன் எண், பேங்க் கணக்கு எல்லாம் இருக்கிறது. எஸ்கியூலைட்டுக்கு இயல்பாகப் பாஸ்வேர்டு கிடையாது. ஃபைல் யார் கையில் இருக்கிறதோ அவர் எல்லாவற்றையும் படிக்கலாம். நீ அழித்ததாக நினைத்ததையும் தோண்டி எடுக்கலாம் என்று மேலே சொன்னேனே, அதற்காகத்தான் சொன்னேன். குரூப்பிலிருந்து அதை உடனே எல்லோருக்கும் அழி. இறக்கி வைத்தவர்களிடம் கேட்டு அழிக்கச் சொல். இனி இரண்டு விதமாகப் பிரதி எடு. பெயர், ஊர், படகு, நஷ்டம் மட்டும் இருக்கிற பிரதி ஊருக்கு. எல்லாம் இருக்கிற பிரதி நம்பிக்கையான வீடுகளுக்கு மட்டும்.

இவ்வளவு தொல்லை இருந்தால் பெரிய சர்வர் வைத்துக்கொள்ளலாமே என்று அந்தப் பையன் கேட்டானாம். வேண்டாம். எஸ்கியூலைட் எங்கே பிறந்தது தெரியுமா? துறைமுகத்துப் பிள்ளை நீ, உனக்குப் பிடிக்கும். ஒரு போர்க்கப்பலுக்காகப் பிறந்தது. டி. ரிச்சர்ட் ஹிப் என்பவர் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றுக்கு, அடிபட்டால் எந்த வால்வை மூட வேண்டும் என்று சொல்லும் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தார். தகவல் எல்லாம் தனி டேட்டாபேஸ் சர்வரில். சர்வர் நின்றால் புரோகிராமும் கையை விரித்துவிடும். கப்பலுக்கு ஆபத்து வரும் நேரத்தில்தானே சர்வரும் நிற்கும்? அப்போதுதான் சர்வரே இல்லாமல் ஒரே ஃபைலில் இருக்கிற டேட்டாபேஸ் ஏன் இருக்கக் கூடாது என்று யோசித்தார். 2000 ஆகஸ்டில் முதல் பதிப்பு வந்தது. யாருக்கும் உரிமை என்று வைத்துக்கொள்ளாமல் பொதுச்சொத்தாக விட்டுவிட்டார். காசும் கேட்பதில்லை, அனுமதியும் கேட்பதில்லை. இன்று உன் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும், அதில் இருக்கும் வாட்ஸ்அப்புக்குள்ளும் இதுதான் ஓடுகிறது.

கரண்ட் போகிற ஊருக்கு, நெட் போகிற ஊருக்கு, புயலில் ரோடே போகிற ஊருக்கு இதுதான் பொருந்தும். 2004-ல் வந்த மூன்றாம் பதிப்பில் எழுதிய ஃபைலை இன்றைய எஸ்கியூலைட்டும் திறக்கும். 2050 வரை பார்த்துக்கொள்வதாகச் செய்கிறவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தகவலைப் பாதுகாக்கப் பரிந்துரைக்கும் வடிவங்களில் இதையும் சேர்த்திருக்கிறது. நமக்கு இது சின்ன விஷயம் இல்லை. 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியபோது நம் ஆட்கள் பக்கெட்டால் அள்ளினார்களே, அப்போது யார் எத்தனை நாள் தொழிலுக்குப் போகவில்லை, யார் வலை வீணானது என்று ஊர் வைத்த ஒரு பட்டியல் இன்று தேடினால் கிடைக்குமா? கிட்டத்தட்ட ஏழு வருடம் கழித்து மறுபடி எண்ணெய் வந்தது. மறுபடி எல்லாவற்றையும் வாய்வார்த்தையாகத்தான் ஆரம்பித்தோம். அந்த நிலை மூன்றாவது தடவை வரக் கூடாது. இழப்பீட்டு விவகாரம் எத்தனை வருடம் இழுத்தாலும் பதிவேடு அதைவிட அதிக வருடம் இருக்க வேண்டும்.

வீட்டு விஷயம். அக்காவுக்கு முட்டி வலி அதிகமாகிவிட்டது என்று குரலிலேயே தெரிகிறது. கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். காசிமேட்டிலிருந்து கூடையோடு பஸ் ஏறுவதை விடச் சொல். நான் மாதாமாதம் அனுப்புவதில் ஆட்டோவுக்கு என்று தனியாகச் சேர்த்திருக்கிறேன், அதை அவள் உன் காலேஜ் ஃபீஸுக்கு ஒளித்து வைத்தால் எனக்குச் சொல். நெத்திலிக் கருவாடு வந்து சேர்ந்தது. இங்கே பீளமேட்டில் அந்த ருசி எங்கே கிடைக்கிறது. வெள்ளிக்கிழமை வடிவுடையம்மன் கோயிலுக்குப் போனால் எனக்கும் சேர்த்துக் கும்பிட்டுக்கொள். ஜூலையில் வருகிறேன். மெட்ரோவில் விம்கோ நகர் வரை வந்துவிடுவேன், அங்கிருந்து நைனா வண்டி எடுத்து வந்தால் போதும்.

நீ செய்கிற வேலை பெரிய வேலை, கலை. உன் வயதில் எனக்கு இவ்வளவு பொறுப்பு வந்ததில்லை. அதனால்தான் கறாராகச் சொல்கிறேன். எழுதுவது ஒரு கையாக இருக்கட்டும். பிரதி பல வீட்டில் இருக்கட்டும், ஒன்று வெள்ளம் ஏறாத மேட்டில் இருக்கிற வீடாக இருக்கட்டும். மாதம் ஒருமுறை ஒரு பிரதியைத் திறந்து, இன்டெக்ரிட்டி செக் 'ஓகே' சொல்கிறதா என்று பார். திறந்து பார்க்காத பிரதியை நம்பாதே. உனக்குத் தெரிந்ததை அந்தப் பையனுக்கும் இன்னொரு பெண்ணுக்கும் சொல்லிக் கொடு. நீ நாளைக்கு வேலைக்கோ கல்யாணம் ஆகியோ வேறு ஊர் போனாலும் பதிவேடு நிற்கக் கூடாது.

பேட்டரிக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன். முதலில் அதை மாற்று. அப்புறம் இருளர் குடியிருப்புக்குப் போ. யார் பெயரும் விடுபடக் கூடாது.

அன்புடன்,
உன் சித்தி